பைதனின் சப்புரொசெஸ் மொடியூல்: சேய்ச் செயல்முறை தவறினால் தாய்க்கு எவ்வளவு சொல்கிறது?

யாழ்ப்பாணத்துச் சனசமூக நிலையங்களின் அலுமாரிகளில் கிடக்கும் கோயில் கும்பாபிசேக மலர்கள், பாடசாலை ஆண்டு மலர்கள், அந்தியேட்டி நாளில் வெளியிடப்படும் கல்வெட்டுகள் எனப்படும் நினைவு மலர்கள் ஆகியவற்றை ஸ்கான் செய்து, தேடிப் படிக்கக்கூடிய ஆவணங்களாக மாற்றும் பணியில் எங்கள் பகுதியில் சிலர் ஈடுபட்டு வருகின்றோம். அப்பணிக்கான செய்நிரல் பைதனில் எழுதப்பட்டது. பக்கத்தை நேராக்க இமேஜ்மஜிக், எழுத்தை வாசிக்க டெசராக்ட், பக்கங்களை ஒன்றுசேர்க்க கோஸ்ட்ஸ்கிரிப்ட் என வேறு செய்நிரல்களைச் சேய்ச் செயல்முறைகளாகத் தொடக்கி, அவை முடியும்வரை காத்திருந்து, அவற்றின் பெறுபேற்றை எடுத்துக்கொள்வதே அதன் முழு வேலை. இந்தத் தாய் – சேய்த் தொடர்பை நடத்துவது பைதனின் நியம நூலகத்துடன் வரும் சப்புரொசெஸ் என்னும் மொடியூல், அதாவது ஆயத்தமாக எழுதிவைக்கப்பட்ட செய்நிரல் தொகுதி. வேலை இரவில் ஆளில்லாமல் ஓடுகிறது. காலையில் கணினியைத் திறப்பவர் செய்நிரலை எழுதியவர் அல்லர். சனசமூக நிலைய நூலகத்தைப் பொறுப்பேற்று நடத்தும் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஆகவே, ஒரு சேய் தவறியபோது திரையில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதே இந்த மொடியூலை மதிப்பிடுவதற்கு நான் கைக்கொள்ளும் முதல் அளவுகோல்.

அந்த அளவுகோலின்படி என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொடங்கவே முடியாமற்போன சேயைப் பற்றி இந்த மொடியூல் மிகச் சிறப்பாக அறிவிக்கிறது. தொடங்கி, ஓடி, இடையில் தவறிய சேயைப் பற்றியோ, எல்லா விபரங்களையும் கையில் வைத்துக்கொண்டு, கேட்டால் மட்டுமே சொல்கிறது. கேட்கத் தெரிந்தவருக்கு இது நம்பத்தகுந்த கருவி; கேட்கத் தெரியாதவருக்கு இது காரணத்தை மறைத்துவிடும் கருவி.

2004ஆம் ஆண்டு வெளிவந்த பைதன் 2.4 பதிப்பில் சப்புரொசெஸ் அறிமுகமானது. அதற்கு முன்னர் வெளிச் செய்நிரலை அழைப்பதற்கு ஓஎஸ்.சிஸ்ரம், ஓஎஸ்.பிஓப்பன், பிஓப்பன்2 என்று சிதறிக் கிடந்த சார்புகள் (பெயர் சொல்லி அழைத்துப் பயன்படுத்தும் செய்நிரல் துண்டுகள்) பலவற்றை ஒரே இடத்துக்குக் கொண்டுவருவதும், சேய் தொடங்கத் தவறினால் அதைத் தாய்க்கு ஒழுங்காக அறிவிப்பதும் அதன் நோக்கங்களாக இருந்தன. இன்று பெரும்பாலானோர் பயன்படுத்தும் ரன் என்னும் சார்பு 2015இல் 3.5 பதிப்புடனும், வெளியீட்டைப் பிடித்துத் தரும் கப்ச்சர்_அவுட்புட் என்னும் பரமானம் (சார்பை அழைக்கும்போது கொடுக்கும் தெரிவு) 2018இல் 3.7 பதிப்புடனும் வந்தன.

முதலில் சிறப்பைப் பார்ப்போம். லினக்ஸில் ஒரு செய்நிரலைத் தொடக்குவது இரண்டு படிகளில் நடக்கிறது. தாய் தன்னைப் போலவே ஒரு பிரதியை உருவாக்குகிறது. அந்தப் பிரதி, எக்ஸெக் என்னும் அழைப்பின் மூலம், தன் இடத்தில் புதிய செய்நிரலை ஏற்றிக்கொள்கிறது. டெசராக்ட் அந்தக் கணினியில் நிறுவப்படவில்லை என்றால் தவறு நிகழ்வது இரண்டாவது படியில், அதாவது தாயிடமிருந்து ஏற்கெனவே பிரிந்துவிட்ட சேயின் உள்ளே. அங்கே எழும் வழுவைத் தாய் எப்படி அறிவது? எந்தச் செய்நிரலும் முடியும்போது, வெற்றி என்றால் பூச்சியம், தவறு என்றால் வேறோர் எண் என்று ஒன்றை விட்டுச்செல்லும். சேய் ஏதோவோர் எண்ணுடன் வெளியேறினால், அந்த எண் டெசராக்ட் தந்ததா, டெசராக்ட் தொடங்காததால் வந்ததா என்று பிரித்தறிய வழியில்லை.

சப்புரொசெஸ் இதற்குக் கைக்கொள்ளும் வழி எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் தீர்வுகளில் ஒன்று. பிரதியை உருவாக்குவதற்கு முன்னரே அது ஒரு தனிக் குழாயை, அதாவது ஒரு முனையில் எழுதுவதை மறுமுனையில் வாசிக்கும் தடத்தை, திறந்து, அந்தக் குழாயின் எழுதும் முனை எக்ஸெக் வெற்றியடைந்த கணத்தில் தானாக மூடிக்கொள்ளும்படி குறித்துவிடுகிறது. புதிய செய்நிரல் ஏறிவிட்டால் குழாய் வெறுமையாக மூடிக்கொள்ளும்; தாய் வாசித்துப் பார்த்து, ஒன்றும் வராததால், சேய் தொடங்கிவிட்டது என்று அறிந்துகொள்ளும். எக்ஸெக் தவறினால், அந்தப் பிரதி மடிவதற்கு முன்னர் வழுவின் வகையையும் எண்ணையும் அந்தக் குழாயில் எழுதிவிட்டுப் போகிறது. தாய் அதனை வாசித்து, தன் பக்கத்தில் நடந்த வழுவைப் போலவே உரிய விதிவிலக்கை, அதாவது எவரும் பிடிக்காவிட்டால் செய்நிரலை நிறுத்திவிடும் வழு அறிவிப்பை, எழுப்புகிறது. செய்நிரல் இல்லாவிட்டால் ஃபைல்நொட்ஃபவுண்ட்எரர். இருந்தும் இயக்க அனுமதி இல்லாவிட்டால் பெர்மிஷன்எரர். எந்தச் செய்நிரல் என்ற பெயரும் செய்தியில் இருக்கும். வேலை செய்யவேண்டிய கோப்புறைதான் காணாமற்போனது என்றால், செய்நிரலின் பெயருக்குப் பதிலாக அந்தக் கோப்புறையின் பெயரையே இன்றைய பதிப்புகள் காட்டுகின்றன. வெளிவன்தட்டின் கேபிள் கழன்று கோப்புறை மறைந்துபோவது சாதாரணமாக நடக்கும் இடங்களில், இந்தச் சிறு திருத்தம் காலைப்பொழுதொன்றை மிச்சப்படுத்தித் தரும்.

இதிலும் ஒரு பொறி உண்டு. விண்டோஸ் கணினியின் நோட்பாட்டில் எழுதி, லினக்ஸுக்குக் கொண்டுவரப்பட்ட ஷெல் ஸ்கிரிப்ட்டின் முதல் வரியின் முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியுரு ஒட்டியிருக்கும். லினக்ஸின் மையப்பகுதியான கேர்னல், ஸ்கிரிப்ட்டை இயக்கவேண்டிய செய்நிரல் என்று அந்த முதல் வரியில் உள்ள பெயரைத் தேடி, அப்படியொரு பெயரில் எதுவும் இல்லை என்று திரும்பும். பைதனோ, கண்ணெதிரே இருக்கும் ஸ்கிரிப்ட்டின் பெயரைச் சொல்லி, அது இல்லை என்று அறிவிக்கும். கேர்னல் தருவது வழு எண் ஒன்றை மட்டுமே என்பதால் இதற்கு மொடியூலைக் குறைகூற முடியாது. கோப்பு இருக்கிறதே என்று திகைப்பவர்கள், அதன் முதல் வரியைப் பார்க்கவேண்டும்.

ஷெல் என்னும் பரமானத்தை உண்மை என்று கொடுத்துக் கட்டளையை ஒரே சரமாக எழுதுவோர் மேற்கூறிய சிறப்பு முழுவதையும் இழந்துவிடுகிறார்கள். அப்போது பைதன் தொடக்குவது, கட்டளை வரிகளை வாசித்து இயக்கும் ஷெல்லைத்தான்; ஷெல் எப்போதும் வெற்றியாகத் தொடங்கும். தேடிய செய்நிரல் கிடைக்காவிட்டால் ஷெல் 127 என்ற எண்ணுடனும், கிடைத்தும் இயக்க முடியாவிட்டால் 126 என்ற எண்ணுடனும் வெளியேறும். விதிவிலக்கு எதுவும் எழாது. குழாய்க்குறி இட்டுப் பல கட்டளைகளைத் தொடுத்திருந்தால், கடைசிக் கட்டளையின் எண் மட்டுமே வரும். முதற் கட்டளை தவறியிருந்தாலும் கடைசியானது ஒழுங்காக முடிந்தால் பூச்சியம், அதாவது வெற்றி. கட்டளையைப் பட்டியலாகக் கொடுக்கும் பழக்கத்தைப் பாதுகாப்புக் காரணத்துக்காகவே பலரும் வலியுறுத்துவர். வழுவறிவிப்புக்காகவும் அதனை அதே அழுத்தத்துடன் வலியுறுத்தவேண்டும்.

இனி, குறை. ரன் சார்பில் செக் என்றொரு பரமானம் உண்டு. அது தொடக்கநிலையில் பொய் என்றே வைக்கப்பட்டிருக்கிறது. அதாவது, சேய் எந்த எண்ணுடன் வெளியேறினாலும், தாய் ஒன்றும் நடவாததுபோல அடுத்த வரிக்குப் போகும். எண் பெறுபேற்றுப் பொருளில் பத்திரமாகச் சேமிக்கப்பட்டிருக்கும். ஆனால் அதைப் பார்க்கும்படி எவரும் வற்புறுத்தப்படுவதில்லை. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் பைதன் இடம்பெறுவதால், எங்கள் மாணவர்கள் பலர் முதலில் கற்கும் மொழி அதுவே. கோப்பைத் திறக்க முடியாவிட்டால் பைதன் உடனே நின்று சொல்லும், பட்டியலில் இல்லாத இடத்தைக் கேட்டால் உடனே நின்று சொல்லும் என்று பழகிய மாணவர், ஒரு முழுச் செய்நிரலே தவறியபோது மட்டும் அது பேசாமல் போகும் என்று எப்படி எதிர்பார்ப்பார்? பைலிண்ட் போன்ற சோதனைக் கருவிகள் செக் பரமானம் எழுதப்படாத ஒவ்வோர் அழைப்பையும் சுட்டிக்காட்டுவதற்கென்றே ஒரு விதியை வைத்திருப்பது, இந்தத் தெரிவு எத்தனை பேரைத் தடுக்கியிருக்கும் என்பதற்குப் போதிய சான்று. பழைய செய்நிரல்கள் உடையும் என்பதால் இதை இனி மாற்றுவது கடினம் என்பதை ஏற்கிறேன். ஆனாலும் குறை குறைதான்.

சரி, செக் பரமானத்தை உண்மை என்று கொடுத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். டெசராக்ட் நிறுவப்பட்டிருக்கிறது, ஆனால் தமிழுக்கான தரவுக் கோப்பு, அதாவது டாம்.ட்ரெயின்ட்டேட்டா, நிறுவப்படவில்லை. இப்போது டெசராக்ட், வழுச் செய்திகளுக்கென்று தனியாக உள்ள தன் நியம வழு வெளியீட்டில் மிகத் தெளிவாக எழுதுகிறது: இன்ன பாதையில் உள்ள தரவுக் கோப்பைத் திறக்க முடியவில்லை, டாம் என்னும் மொழியை ஏற்ற முடியவில்லை, எந்த மொழியையும் ஏற்ற முடியவில்லை. இதைவிட நல்ல வழுச் செய்தியை எவரும் எழுத முடியாது. எந்தக் கோப்பை எங்கே வைக்கவேண்டும் என்பதுவரை அதில் இருக்கிறது. கப்ச்சர்_அவுட்புட் கொடுக்கப்பட்டிருப்பதால் சப்புரொசெஸ் இந்த வரிகள் அனைத்தையும் பிடித்து, கோல்ட்புரொசெஸ்எரர் என்னும் விதிவிலக்கின் உள்ளே வைக்கிறது. ஆனால் அந்த விதிவிலக்குத் திரையில் தன்னை எழுதும்போது சொல்வது ஒன்றேயொன்று: இன்ன கட்டளை, பூச்சியமல்லாத எண் 1உடன் வெளியேறியது.

எங்கள் நூலகப் பொறுப்பாளர் ஒரு காலையில் தொலைபேசியில் சொன்னதும் அதுதான். “தம்பி, ஒண்டு எண்டு மட்டும் காட்டிக்கொண்டு நிக்குது. வேற ஒண்டும் எழுதேல்லை. நான் என்ன செய்யிறது?” அவர் முன்னே இருந்த திரையில் காரணம் இல்லை. காரணமோ அதே கணினியின் நினைவகத்தில், அதே பொருளின் உள்ளே, செய்நிரல் நிற்கும் கணம்வரை இருந்து, பின் அதனுடனே அழிந்தது.

இதில் இன்னொரு முரண் உண்டு. வெளியீட்டைப் பிடிக்காமல் விட்டிருந்தால், டெசராக்ட்டின் வரிகள் நேரே முனையத்தில் விழுந்திருக்கும்; பொறுப்பாளர் வாசித்திருப்பார். ஒழுங்காகச் செய்யவேண்டும் என்று பிடித்தவருக்கே காரணம் மறைகிறது. பிடிக்காமல் விடுவதும் தீர்வு ஆகாது. குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாகத் தொடக்கும் குரோன் இரவு வேலையை நடத்தும்போது முனையமே இல்லை. குரோன் அந்த வரிகளை மின்னஞ்சலாக அனுப்ப முயலும். அஞ்சல் அனுப்பும் மென்பொருள் நிறுவப்படாத உபுண்டு கணினியில், அது இல்லாததால் வெளியீட்டைக் கைவிடுகிறேன் என்று கணினியின் பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு, காரணத்தை எறிந்துவிடும்.

வேறு மொழிகள் இதே இடத்தில் என்ன செய்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்ப்பது நியாயமானது. ஜாவாஸ்கிரிப்ட்டை இயக்கும் நோட்.ஜேஎஸ்இன் எக்ஸெக் சார்பு (மேலே சொன்ன லினக்ஸ் அழைப்பு அல்ல), கட்டளை தவறியது என்ற வரியின் கீழேயே சேயின் நியம வழு வெளியீட்டையும் செய்தியில் சேர்த்துத் தருகிறது. கோ மொழி பைதனைப் போலவே எண்ணை மட்டும் எழுதுகிறது; ஆயினும், நீண்ட வழு வெளியீட்டின் தொடக்கத்தையும் முடிவையும் வைத்துக்கொண்டு நடுப்பகுதியை வெட்டிச் சேமிக்கும் நல்ல ஏற்பாடு அதில் உண்டு. என் பார்வையில் நோட் செய்வதே சரி. சேய் கடைசியாகச் சொன்ன சொல்லைத் தாயின் அறிவிப்பில் சேர்ப்பதே வழுவறிவிப்பின் முதற் கடமை.

நல்லவேளையாக, இந்தக் குறையை நாமே சில வரிகளில் ஈடுசெய்யலாம். பைதன் 3.11 பதிப்பிலிருந்து எந்த விதிவிலக்குடனும் ஒரு குறிப்பை ஒட்டுவதற்கு ஆட்_நோட் என்னும் வசதி இருக்கிறது. கோல்ட்புரொசெஸ்எரரைப் பிடித்து, அதன் உள்ளே இருக்கும் வழு வெளியீட்டின் கடைசி இருபது வரிகளைக் குறிப்பாக ஒட்டி, மீண்டும் எழுப்பிவிட்டால், வழு எழுந்த வழியைக் காட்டும் ட்ரேஸ்பேக்கின் அடியில் அந்த வரிகள் தாமாகவே அச்சாகும். எங்கள் செய்நிரலில் ரன் சார்பை நேரே அழைப்பது இப்போது தடைசெய்யப்பட்டிருக்கிறது. எல்லா அழைப்புகளும், ரன்னைச் சுற்றி இவ்வாறு எழுதிய சிறு உறைச் சார்புக்குள்ளால் மட்டுமே போகின்றன. கடவுச்சொல்லைக் கட்டளைப் பரமானமாகக் கொடுக்கும் பழக்கம் உள்ளவர்கள் இங்கே கவனமாக இருக்கவேண்டும், ஏனெனில் விதிவிலக்கின் செய்தி முழுக் கட்டளையையும் அச்சிடுவதால் கடவுச்சொல்லும் பதிவேட்டில் ஏறிவிடும்.

தமிழ் எழுதுவோருக்கு உரிய ஒரு செய்தியையும் இங்கே சேர்க்கவேண்டும். யூரிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியுருவும் 3 பைற் எடுக்கிறது. கோப்பின் பெயர் தமிழில் இருந்தால் சேயின் வழு வெளியீட்டிலும் தமிழ் வரும். சேய் அந்த வெளியீட்டைப் பைற் கணக்கில் இடையில் வெட்டியிருந்தாலோ, விண்டோஸில் வேறொரு குறிமுறையாகக் கருதி வாசிக்க முற்பட்டாலோ, வழுவை அறிவிக்கப் போன இடத்தில் குறிமாற்ற வழு ஒன்று எழுந்து முதல் வழுவை மூடிவிடும். 3.6 பதிப்பிலிருந்து கிடைக்கும் என்கோடிங், எரர்ஸ் என்னும் இரண்டு பரமானங்களையும் கொடுத்து, முதலாவதை யூரிஎஃப்-8 என்றும், இரண்டாவதை, வாசிக்க முடியாத பைற்றை அப்படியே எண்ணாக எழுதும்படியும் அமைத்துவிட்டால், சிதைந்த எழுத்தொன்று வந்தாலும் அறிவிப்பு நிற்காது.

வெற்றி என்று சொல்லிக்கொண்டு தவறும் சேய் இதனிலும் ஆபத்தானது. டெசராக்ட்டிடம் தமிழும் ஆங்கிலமும் என்று இரண்டு மொழிகளைக் கொடுத்து, தமிழ்த் தரவு இல்லாமல் ஆங்கிலத் தரவு மட்டும் இருந்தால், அது தமிழை ஏற்ற முடியவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு, ஆங்கிலத்தை மட்டும் கொண்டு வேலையை முடித்து, பூச்சியத்துடன் வெளியேறும். கும்பாபிசேக மலரின் வாழ்த்துரை முழுவதும் ஆங்கில எழுத்துகளின் குவியலாக வந்திருக்கும். தாய்க்குக் கிடைப்பதோ வெற்றி. செக் பரமானம் இங்கே ஒன்றும் செய்யாது. மொடியூலின் எல்லை இதுவே: அது எண்ணை நம்புகிறது, நம்புவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. ஆகவே வெற்றியின்போதும் நியம வழு வெளியீடு வெறுமையாக இல்லாவிட்டால் அதனைப் பதிவேட்டில் எழுதவேண்டும் என்பதையும், வந்த பக்கத்தில் தமிழ் எழுத்துகள் இருக்கின்றனவா என்று செய்நிரலே பார்க்கவேண்டும் என்பதையும் எங்கள் உறையில் சேர்த்தோம்.

சேய் தானாக வெளியேறாமல் கொல்லப்பட்டால், சப்புரொசெஸ் மீண்டும் தன் சிறப்பைக் காட்டுகிறது. சமிக்ஞையால் மடிந்த சேய்க்கு அது எதிர்க்குறியிட்ட எண்ணைத் தருகிறது. −9 என்றால் 9ஆம் சமிக்ஞையான சிக்கில்லால் மடிந்தது என்று பொருள், அதன் பெயரையும் செய்தியிலேயே எழுதுகிறது. ஷெல் இடையில் இருந்தால் இதே நிகழ்வு 128உடன் 9ஐக் கூட்டி 137 என்று வரும். பெரிய பக்கங்களை உயர்ந்த துல்லியத்தில் ஸ்கான் செய்து, நினைவகம் குறைந்த கணினியில் இயக்குவோர் இந்த எண்ணை அடிக்கடி காண்பார்கள். நினைவகம் தீர்ந்தால் லினக்ஸ் கேர்னல் ஒரு செயல்முறையைத் தெரிவுசெய்து கொன்றுவிடும். கொல்லப்பட்டதற்கு ஒரு சொல் எழுதவும் அவகாசம் இல்லை என்பதால் நியம வழு வெளியீடு வெறுமையாகவே இருக்கும். −9உம் வெறுமையும் சேர்ந்து வந்தால் காரணத்தைச் சேயிடம் தேடாமல் கேர்னலின் பதிவேட்டில், அதாவது டிமெசேஜ் கட்டளையில், தேடவேண்டும் என்ற குறிப்பையும் அறிவிப்புடன் ஒட்டிவிடுவது நல்லது.

காலவரம்பு பற்றிய பகுதியில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. ரன் சார்புக்கு ரைம்அவுட் கொடுத்தால், நேரம் கடந்ததும் சேயைக் கொன்று, ரைம்அவுட்எக்ஸ்பயர்ட் என்னும் விதிவிலக்கை எழுப்புகிறது. ஆனால் அது கொல்வது நேரடிச் சேயை மட்டுமே. சேய் தொடக்கிய பேரச் செயல்முறைகள் தொடர்ந்து ஓடி, நினைவகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். புதிய அமர்வில் தொடக்கும் பரமானத்தைக் கொடுத்து, குழு முழுவதையும் நாமே கொல்லவேண்டியுள்ளது. மேலும், வெளியீட்டை எழுத்தாகத் தரும்படி கேட்டிருந்தாலும், இந்த விதிவிலக்கின் உள்ளே அதுவரை வந்த வெளியீடு பைற்றுகளாகவே இருக்கும். ஆவணத்தில் இது எழுதப்பட்டிருக்கிறது. எழுதப்பட்டிருப்பதால் அது சரியாகிவிடாது.

ரன்னைப் பயன்படுத்தாமல், அதன் அடியில் உள்ள சப்புரொசெஸ்ஸின் பிஓப்பனை நேரே கையாள்வோருக்கு ஓர் எச்சரிக்கை மட்டும். குழாய்களைத் திறந்துவிட்டு, அவற்றை வாசிக்காமல் வெயிட் என்று காத்திருந்தால், சேய் எழுதும் வழுச் செய்திகள் லினக்ஸ் குழாயின் வழமையான கொள்ளளவான 64 கிலோபைற்றை நிரப்பியதும் சேய் எழுத முடியாமல் நிற்கும்; தாய், சேய் முடியட்டும் என்று நிற்கும். வழு எதுவும் அறிவிக்கப்படாமல் விடியும்வரை இரண்டும் அப்படியே நிற்கும். கொம்யூனிக்கேட் என்னும் சார்பு இதைத் தவிர்க்கிறது.

சப்புரொசெஸ்ஸை விட்டு வேறொன்றுக்குப் போகவேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். செலவில்லாமல் பைதனுடனேயே வருகிறது, நிறுவ இணையம் தேவையில்லை, பொய் சொல்வதில்லை. 3.11 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பைப் பயன்படுத்துங்கள், உறையொன்றை எழுதிக்கொள்ளுங்கள். எதிர்காலப் பதிப்பொன்றில், பிடிக்கப்பட்ட வழு வெளியீட்டின் கடைசி வரிகளையாவது விதிவிலக்கின் செய்தியிலேயே சேர்த்தால், அந்த உறையின் பெரும்பகுதி தேவையற்றதாகிவிடும்.

வெளிச் செய்நிரலை அழைக்காமல், பைதன் வேலையையே பல செயல்முறைகளாகப் பிரித்து ஓட்டுவோருக்கு இது பொருந்தாது. அவர்கள் நாடவேண்டியவை மல்டிபுரொசெஸிங், கொன்கறண்ட்.ஃபியூச்சர்ஸ் என்னும் வேறு இரண்டு மொடியூல்கள். பக்கங்களைத் துப்புரவாக்கும் படிக்கு நாங்களும் அவற்றைச் சோதித்தோம். இரண்டுமே, சேயினுள் எழுந்த சாதாரண விதிவிலக்கை, அது எழுந்த வரியின் ட்ரேஸ்பேக்குடன் சேர்த்துத் தாயிடம் கொண்டுவருகின்றன. இதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சேய் நினைவகக் குறைவால் கொல்லப்பட்டால் நிலைமை வேறு. மல்டிபுரொசெஸிங்கின் பூல், அந்தச் சேயின் பெறுபேற்றுக்காக முடிவின்றிக் காத்துக்கொண்டிருக்கும். கொன்கறண்ட்.ஃபியூச்சர்ஸின் புரொசெஸ்பூல்எக்ஸிகியூற்றர், புரோக்கன்புரொசெஸ்பூல் என்ற விதிவிலக்கை எழுப்பி நிற்கும். நாங்கள் இரண்டாவதையே எடுத்தோம். எனினும் அந்த விதிவிலக்கு, முடியாமல் இருந்த எல்லாப் பக்கங்களின்மீதும் ஒருசேர விழுவதால், எந்தப் பக்கத்தில் சேய் மடிந்தது என்று அதிலிருந்து அறிய முடியாது. அதனால் ஒவ்வொரு சேயும் ஒரு பக்கத்தைத் தொடும் முன்னரே அதன் எண்ணைப் பதிவேட்டில் எழுதிவிடும்படி செய்திருக்கிறோம்; முடிந்தது என்ற இணைவரி இல்லாத எண்களை மட்டும் பொறுப்பாளர் காலையில் எடுத்து, ஒவ்வொன்றாகத் தனியே ஓட்டிப் பார்க்கிறார்.